மகள் பாலே கம்பெனி நடத்த வேண்டும் என்கிறாள்: லண்டனிலிருந்து எழுதிய தாய்க்கு

வணக்கம் அம்மா,

ஜிசிஎஸ்இ என்ற பதினாறு வயதுப் பள்ளித் தேர்வு எழுதப்போகும் மகள், பாலே கோரியோகிராஃபர், அதாவது நடன அமைப்பாளர், ஆவேன், ஒருநாள் கம்பெனியும் (நடனக் குழுவும்) நடத்துவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஆடுகிறவர்களுக்கு 35 வயதைத் தாண்டினால் வேலை இருக்காதே என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவள் கேட்பது அதற்கு அப்புறமும் ஓடுகிற வேலையை. நடனக் கலைஞர் நினெட் டி வாலுவா இருபதுகளிலேயே டியாகிலெவ் நடத்திய புகழ்பெற்ற ரஷ்ய பாலே குழுவை விட்டு விலகி, 1926இல் லண்டனில் ஒரு பள்ளி தொடங்கினார். 1931இல் அதை ஒட்டி ஒரு சிறு கம்பெனி பிறந்தது. அதுதான் இன்றைய ராயல் பாலே. 1963 வரை அவரே இயக்குநர்.

ஒன்றை மட்டும் தாயும் மகளும் இப்போதே பிரித்துப் பார்த்துவிடுங்கள். அவள் ஒரே மூச்சில் சொல்வது இரண்டு வேலைகள்: நடனம் அமைப்பது ஒன்று, கம்பெனி நடத்துவது இன்னொன்று. கென்னத் மேக்மில்லன் மேடைப் பயத்தால் ஆடுவதை விட்டு நடனம் அமைக்க வந்தவர். 1970இல் ராயல் பாலேயின் இயக்குநரானார். 1977இல் அந்தப் பதவியைத் துறந்து நடன அமைப்புக்கே திரும்பிவிட்டார். தமாரா ரோஹோ இதற்கு நேர்மாறு. இங்கிலிஷ் நேஷனல் பாலேயை 2012 முதல் பத்து ஆண்டுகள் நடத்தினார்; பெரும்பாலும் பிறரை அழைத்துதான் புதிய படைப்புகளைச் செய்வித்தார்.

இயக்குநரின் நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருக்கும். மாலைக் காட்சிக்கு மாற்று ஆள் போட வேண்டும். நடுவில் ஒப்பந்தப் பேச்சு, அறங்காவலர் கூட்டம், கலைகளுக்கு அரசு நிதியைப் பகிரும் ஆர்ட்ஸ் கவுன்சிலின் மானியத்துக்கான விண்ணப்பம். டிசம்பரில் ‘நட்கிராக்கர்’ என்ற கிறிஸ்துமஸ் பாலேக்கு டிக்கெட் விற்றால்தான் வசந்த காலத்தில் புதிய படைப்புக்குத் துணிய முடியும். பெரிய கம்பெனிகளில் கணக்கு வழக்கைப் பார்க்க நிர்வாக இயக்குநர் தனியாக இருப்பார். ஆனாலும் பட்ஜெட் படிக்கத் தெரியாத கலை இயக்குநர் தாக்குப்பிடிப்பது கடினம். ஜிசிஎஸ்இ-க்கு அடுத்த மேல்நிலைப் படிப்பான ஏ-லெவலில் அவள் கணக்கை விடாமல் இருந்தால் நல்லது.

நடன அமைப்பாளரின் பாடு வேறு. கவிஞருக்குத் தாள் போதும்; இவருக்கு ஆட்கள் வேண்டும், அவர்களுடைய நேரம் வேண்டும், ஸ்டூடியோ வேண்டும். 1934இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீன் தன் புதிய பள்ளியின் மாணவிகளை வைத்து ‘செரனேட்’ அமைத்தார். முதல் நாள் மாலை 17 பேர் வந்தார்கள். 17 பேருக்கு அமைத்தார். அடுத்த நாள் ஒன்பது பேர், அப்புறம் ஆறு பேர். வந்தவர்களைக் கொண்டே அந்தந்தப் பகுதியைச் செய்தார். ஒரு பெண் தாமதமாக வந்தாள், ஒருத்தி தடுக்கி விழுந்தாள். இரண்டும் நடனத்துக்குள் போயின. அது இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது.

உங்கள் மகளும் அப்படியே தொடங்கலாம், இந்த மாதமே. நான்கு தோழிகள், பள்ளியின் ஜிம் ஹால், மதிய இடைவேளை, மூன்று நிமிட இசை. பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு அடுத்ததைச் செய்யட்டும். வீடியோ எடுத்து வைக்கட்டும். ஸ்வரத்தாள் படிக்கும் அளவுக்கு பியானோவும் கற்கட்டும். பாலன்ஷீன் முறையாக பியானோ படித்தவர், அது அவர் வேலையில் தெரியும்.

பரதமும் கற்கிறாள் என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் பரதத்திலிருந்து தொடங்கி லண்டனில் சொந்தக் கம்பெனி நடத்துகிறார். 1838இல் புதுச்சேரிப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து பாரிஸ் போய் ஆடிய தேவதாசிகளின் கதையை, ‘லா பயடேர்’ என்ற பழைய பாலேயோடு சேர்த்து 2015இல் அவர் ஒரு படைப்பாக்கினார். கதக் படித்த அக்ரம் கான் 2016இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேக்கு ‘ஜிசெல்’ என்ற பழைய பாலேயைப் புதிதாக அமைத்தார். அவரை அழைத்தவர் ரோஹோதான்.

பணத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். நடன அமைப்பாளருக்கு ஒரு படைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம், பிறகு காட்சிக்குக் காட்சி ராயல்டி. மாதச் சம்பளம் பலருக்குக் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் பாடம் எடுத்துத்தான் வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

16 வயதில் ராயல் பாலே பள்ளியின் மேல்நிலைப் பிரிவில் இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் பாலே, ராம்பர்ட் பள்ளி இரண்டிலும் பட்டப் படிப்பு உண்டு. ராயல் பாலேயில் 2006 முதல் ரெசிடென்ட் கோரியோகிராஃபராக (கம்பெனியின் நிலையான நடன அமைப்பாளராக) இருக்கும் வெய்ன் மெக்ரெகர் பாலே பள்ளியில் வளர்ந்தவரே இல்லை. எங்கே போனாலும், பள்ளியைச் சுற்றிப் பார்க்க விடும் ஓப்பன் டே அன்று உங்கள் மகளே நேராகக் கேட்கட்டும்: மாணவர்கள் அமைத்த நடனங்களை வருடத்துக்கு எத்தனை முறை மேடையேற்றுவீர்கள், அதற்கு ஸ்டூடியோ எத்தனை மணி நேரம் தருவீர்கள்? தெளிவான பதில் சொல்லாத பள்ளியை, எவ்வளவு பெயர் பெற்றதானாலும், அவள் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.