சீருடை போடலாம், சம்பளத்தில் பிடிக்க வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்ன சைவ உணவகம் நடத்துகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். யாரிடம் ஆர்டர் சொல்வது என்று தெரியாமல் வாடிக்கையாளர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் சீருடை கொண்டுவரலாம் என்றேன். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். சட்டைக் காசைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?
- வாசகி, பொங்கோல்

பதில்: காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், சகோதரி. பிடிக்காதீர்கள். உங்கள் கடைப் பெயர் போட்ட சட்டைக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். முகம் சுளித்ததற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும்.

மற்றபடி சீருடை நல்ல யோசனைதான். மத்தியானக் கூட்டத்தில் உள்ளே வருபவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று பார்த்ததும் தெரியும். சட்டை சுத்தமாக இருந்தால் சமையலறையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புவார். காலரில் மஞ்சள் கறை இருந்தால் சாம்பாரையும் சந்தேகமாகப் பார்ப்பார்.

பல கடைகள் கோட்டைவிடுவது துணியில். பாலியஸ்டர் மலிவு, கசங்காது, சரி. ஆனால் தோசைக்கல் முன்னால் பத்து மணி நேரம் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். பருத்தி கலந்த துணியாக, அடர் நிறமாக எடுங்கள். வெளிர் சாம்பல் வேண்டவே வேண்டாம். அக்குள் ஈரம் அப்படியே தெரியும், மேல்தட்டில் இருக்கும் பாத்திரத்தை எடுக்கக் கையைத் தூக்கவே கூச்சப்படுவார்கள். அப்புறம், ஆளுக்கு இரண்டு சட்டை போதாது. டிசம்பர் மழையில் வீவக அடுக்குமாடி வீட்டு மூங்கில் கழியில் போட்டது மறுநாள் காலைக்குள் காயாது. ஈரச் சட்டையோடு வந்தவர் எப்படிச் சிரித்த முகமாகப் பரிமாறுவார்? மூன்றாவது கொடுங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் போடும் கெபாயா சீருடை உங்கள் மனதில் இருக்கலாம். 1968இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மன் உருவாக்கியது. அதில் நிறத்தைப் பார்த்தே பணிப்பெண்ணின் பதவி தெரியும். விமானத்துக்கு அது பொருந்தும். ஒன்பது பேர் கடையில் நிறம் பிரித்தால் பாத்திரம் கழுவும் அக்காவின் மனம் நோகும். எல்லோருக்கும் ஒரே நிறம் கொடுங்கள். கல்லாவில் உட்காரும் நீங்களும் அதையே போடுங்கள்.

2021 நவம்பரிலிருந்து பொது மருத்துவமனைகளிலேயே முஸ்லிம் தாதியர் சீருடையோடு துடோங் என்ற முக்காடு அணியலாம். உங்கள் கடையிலும் துடோங், திருநீறு, பொட்டு எதற்கும் தடை வேண்டாம். சேலையே கட்டிப் பழகிய மூத்தவர் இருந்தால், மேலே கடைப் பெயர் போட்ட ஏப்ரன் போதும்.

மொத்தமாகத் தைக்கக் கொடுக்கும் முன், மாதிரிச் சட்டை இரண்டு வாங்கி, சமையலறையில் ஒருவரும் பரிமாறுபவர் ஒருவரும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். எந்தத் துணி என்பதை அவர்களே சொல்லட்டும்.