காப்புக்காட்டை விரிவாக்க நிலத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கடலூர் மாவட்டத்தில் எந்த இடம் காப்புக்காடாகும், அதாவது அரசு சட்டப்படி அறிவித்துக் காக்கும் காடாகும் என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பார்ப்பது மரத்தை அல்ல, கிராமக் கணக்கை. புல எண் வாரியாக எது பட்டா, எது புறம்போக்கு என்று கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இருக்கும். தனியார் நிலத்தை விலை கொடுத்து வாங்குவதைவிட, காப்புக்காட்டை ஒட்டிய அரசு நிலத்தைச் சேர்ப்பது சுலபம். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் கவனம் வேண்டும். பதிவேட்டில் தரிசாகத் தெரியும் இடம் பலருக்கு ஆடு மாடு மேய்க்கும் வாழ்வாதாரம்.

அப்புறம் மண். இதற்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைவிட நல்ல பாடம் கிடையாது. பழைய காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பேறி, அலையாத்திச் செடி முளைக்காமல் போனது. 1990களில் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே அங்கே நட்டவை பிழைத்தன. எனவே தண்ணீர் வந்துபோகும் வழியைப் பார்க்காமல் நிலத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவு என்பேன். 2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் காற்றையும் கணக்கில் எடுப்பார்கள்.

சரி, கடைசி முடிவு யாருடையது? ஊராட்சி தீர்மானம் போடலாம். காப்புக்காடாக அறிவிப்பது மாநில அரசுதான். 1882 தமிழ்நாடு வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் முதல் அறிவிக்கை வரும். பாதை, மேய்ச்சல் போன்ற உரிமை உள்ளவர்கள் அந்தக் கட்டத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். காப்புக்காடு என்று இறுதியாக அறிவிக்கும் 16ஆம் பிரிவு அறிவிக்கை வந்தபின் அது மிகவும் கடினம்.