காலிஃபிளவர் வாங்கியும் சாப்பாடு வெளியிலிருந்துதான் வருகிறது: சமைத்தால் உண்மையில் மிச்சமாகுமா?

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். வார நாள் ஐந்தில் நான்கு இரவு ஆர்டர் செய்துவிடுகிறோம். வாரக் கடைசியில் இரண்டு காலிஃபிளவர் வாங்கி வைத்தால் ஒன்று எப்போதும் கறுத்துக் குப்பைக்குப் போகிறது. கிரெடிட் கார்டு பாக்கியும் மாதாமாதம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. வீட்டில் சமைப்பதால் சொல்லிக்கொள்ளும்படி மிச்சமாகுமா, இல்லை காய் வாங்குவதையே நிறுத்திவிடலாமா?

பதில்: காய் வாங்குவதை நிறுத்த வேண்டாம். ஆனால் இரண்டை ஒன்றாக்குங்கள். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இருவருக்கு ஒரு இரவு ஆர்டர் செய்ய ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைத்தால் காய், எரிவாயு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 30. வீணாகும் ஒரு காலிஃபிளவரின் விலை 10. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் வாரச் செலவு: ஆர்டர் 400, சமைத்த ஒரு இரவு 30, வீணான பூ 10, ஆக 440. ஆர்டரை இரண்டாகக் குறைத்து மூன்று இரவு சமைத்தால் 200 + 90 = 290. மிச்சம் 150. அந்த 150-இல் காய் வீணாகாமல் காத்ததால் வந்தது வெறும் 10. மீதி 140-ம் தவிர்த்த இரண்டு ஆர்டரில் வந்தது. அதனால் காய் எங்கே மலிவு என்று அலைய வேண்டாம். களைத்து வந்த இரவில் கை செல்போனுக்குப் போகாமல் இருக்க என்ன வழி என்று பாருங்கள்.

முழுப் பூவாக இருக்கும் காலிஃபிளவரை இரவு எட்டு மணிக்கு யாரும் எடுத்து வெட்டப் போவதில்லை. வெட்டி, கழுவி, உலர்த்தி டப்பாவில் இருந்தால் எடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை செலவிடும் அரைமணி நேரத்தில்தான் இந்த 140 இருக்கிறது.

இலையோடு 1.25 கிலோ அளவில் ஒன்று வாங்குங்கள். பூ இறுக்கமாக, கைக்குக் கனமாக இருக்க வேண்டும். இலை வாடியிருக்கக் கூடாது. மேலே சிறு பழுப்புப் புள்ளி இருந்தால் சீவிவிட்டால் போதும். தொட்டால் வழவழப்பும் வாடையும் இருந்தால் வேண்டாம். இலையோடு வாங்கினால் பூ மட்டும் ஏறக்குறைய பாதி எடைதான் தேறும். இலையையும் தண்டையும் தூக்கிப் போடுபவர் பூவுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

பூவைக் கவிழ்த்து, தண்டுப் பக்கத்திலிருந்து கத்தியை விட்டுப் பிரியுங்கள். மேலிருந்து வெட்டினால் பொடிப்பொடியாக உதிரும். கட்டைவிரல் அளவுத் துண்டுகள் போதும். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன் உப்பு போட்டு அரைமணி ஊறவைத்தால் உள்ளே புழு இருந்தாலும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்பிக் காயவிடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் இரண்டு நாளில் கொழகொழப்பும் கறுப்பும் வரும். முழுப் பூவை நெகிழிப் பையில் கட்டி வைத்தாலும் இதே கதைதான். உள்ளே வியர்க்கும் நீர் பூ மேலேயே சொட்டும். டப்பாவின் அடியில் உலர்ந்த துணி விரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் வியாழன் வரை தாங்கும்.

திங்கள் இரவு நல்ல துண்டுகளாக 300 கிராம் எடுத்து வறுத்துவிடுங்கள். அகன்ற வாணலி, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், நல்ல சூடு. வெட்டிய முகம் அடியில் படும்படி ஒரே அடுக்காகப் பரப்பி 4 நிமிடம் கிளறாமல் விடுங்கள். திருப்பிப் போட்டு இன்னும் 4 நிமிடம். உப்பும் மிளகுத்தூளும் கடைசியில். சடசடவென்று பொரியும் சத்தம் மங்கி, கொதிக்கிற சத்தம் கேட்டால் வாணலியில் கூட்டம் அதிகம் அல்லது உப்பு முன்னாலேயே விழுந்துவிட்டது என்று அர்த்தம். காய் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகிறது, வறுபடவில்லை. பாதியை எடுத்துவிட்டு இரண்டு தடவையாகப் போடுங்கள்.

செவ்வாய் அல்லது புதன், மீதிப் பூவைத் துருவி ஒரு வெங்காயத்தோடு மூடி போடாமல் 5, 6 நிமிடம் வதக்கி, இரண்டு மூன்று முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. மூடினால் குழைந்துவிடும். வியாழன் தண்டும் இலைக்காம்பும். தண்டின் தடித்த தோலைச் சீவி மெல்லிசாக நறுக்கி, ஒரு உருளைக்கிழங்கு, 600 மில்லி தண்ணீர் சேர்த்துக் கால் மணி வேகவைத்து மசித்தால் இருவருக்கு சூப். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் கந்தக வாடை எழும்பும். காலிஃபிளவரே பிடிக்காது என்று பலர் சொல்வது இந்த வாடையால்தான்.

இனி பணம். ஓர் ஆர்டரைத் தவிர்த்துச் சமைத்தால் 100-இல் 30 போக 70 மிச்சம். அது அப்படியே சம்பளக் கணக்கில் கிடந்தால் வேறு எதிலாவது கரைந்துவிடும். ஆர்டருக்குப் பதில் சமைத்த அன்றிரவே, பாத்திரம் கழுவும் முன், அதை மாற்றிவிடுங்கள். முதலீட்டுக்கு அல்ல, கிரெடிட் கார்டு பாக்கிக்கு. தள்ளிப்போடும் பாக்கிக்குக் கார்டு வாங்கும் வட்டியை எந்த வைப்புநிதியும் உங்களுக்குத் திருப்பித் தராது. பாக்கி முடிந்த பிறகு அதே 70 அவசரநிதிக்குப் போகட்டும். ஆர்டர் செயலியில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் 16 இலக்கம் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்கும்.

சமைக்க ஆரம்பித்ததும் ஏர் ஃபிரையர் வாங்கத் தோன்றும். அதன் விலையை 70-ஆல் வகுத்துப் பாருங்கள். 60 வந்தால், வாரம் தவிர்க்கும் இரண்டு ஆர்டர் வீதம் 30 வாரச் சேமிப்பு அதற்கே போகிறது. பாக்கி தீரும்வரை வாணலியே போதும்.

புதன் இரவு வேலை இழுத்து ஆர்டர் செய்ய வேண்டி வந்தாலும் பரவாயில்லை. மிச்சப் பூவைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, வடித்து உலர்த்தி ஃப்ரீசரில் வையுங்கள். அதை வறுக்க முடியாது, சொதசொதவென்று ஆகிவிடும். ஆனால் அடுத்த வார சூப்புக்கு அது போதும். அந்த வாரம் புதுப் பூ வாங்க வேண்டாம்.