ரத்தம் எடுக்கும்போது எந்த மூடி டியூபை முதலில் நிரப்ப வேண்டும்? வரிசை மாறினால் என்ன ஆகும்?

கேட்டவர் டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்துவிட்டு லேபில் சேரப் போகிறவர் என்று எழுதியிருக்கிறார். நான் கடலூரில் ஒரு சின்ன லேபில் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் ஊசி குத்தத்தான் பயப்படுகிறார்கள். அது நூறு கை பார்த்த பிறகு தானாக வந்துவிடும். சறுக்குவது டியூபில்தான். நானும் சறுக்கினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடல் தொழில் செய்த கை, கயிறு மாதிரி நரம்பு. (சிரை என்று புத்தகத்தில் படித்தாலும் லேபில் எல்லோருக்கும் அது நரம்புதான்.) ஊதா மூடி டியூப் நிறைந்துவிட்டது, சிவப்பில் பாதிகூட வரவில்லை. மறுபடி குத்த மனமில்லாமல் ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிட்டேன். ரிசல்ட்டில் பொட்டாசியம் 9க்கு மேல், கால்சியம் 5க்குக் கீழ். அந்த அளவு நிஜமென்றால் இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும். அவரோ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சீனியர் அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஊதாவுலேர்ந்து ஊத்துனியா?"

ஊதா மூடிக்குள் இருப்பது ஈடிடிஏ என்ற மருந்தின் பொட்டாசியம் உப்பு. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது, சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) பார்க்க முடிகிறது. அதே ரத்தம் சிவப்புக்குப் போனால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். பெரியவரிடம் என் தப்பைச் சொல்லி மறுபடி எடுத்தேன். பொட்டாசியம் 4.2 வந்தது.

வரிசை வைத்திருப்பதே ஒன்றின் மருந்து அடுத்ததில் ஒட்டக் கூடாது என்பதற்காகத்தான். கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது) இருந்தால் அது முதலில், கிருமி கலக்காமல். அப்புறம் நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். மூடியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால் டியூபில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

நீலத்தில் கவனம் அதிகம் வேண்டும். அதற்குள் இருப்பது ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம், கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும். குறைந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) பொய்யாக ஏறிக் காட்டும், அதை நம்பி டாக்டர் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவைக் குறைத்துவிடலாம். பட்டர்ஃபிளை ஊசியில் (மெல்லிய குழாய் இணைந்த ஊசி) நீலம்தான் முதல் டியூப் என்றால், குழாயிலிருக்கும் காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும். அதற்கு முன் இன்னொரு நீல டியூபில் கொஞ்சம் எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

சாம்பல் மூடி சுகருக்கு. டியூபுக்குள் வந்த பிறகும் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும், மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம். சித்திரை வெயிலில் நெல்லிக்குப்பத்திலிருந்து பைக்கில் சாம்பிள் வந்தால் கேட்கவே வேண்டாம். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃப்ளோரைடு அதைத் தடுக்கும், ஆனால் உடனே அல்ல. முதல் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எனவே சாம்பல் டியூபில் எடுத்துவிட்டோம் என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

கையில் கட்டும் பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். விரல்களை மூடி மூடித் திறக்கச் சொல்வது நம்மூர்ப் பழக்கம், அதுவே பொட்டாசியத்தை ஏற்றிவிடும். மெல்ல மடக்கி வைத்தால் போதும். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசி வழியே அழுத்தித் தள்ளினால் அணுக்கள் உடைந்து சீரம் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) சிவந்துபோகும். ஊதாவை எட்டு, பத்து முறை தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள், இருமல் மருந்து பாட்டில் போலக் குலுக்காதீர்கள்.

கடைசியாகப் பெயர். "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால் காது கேட்காதவரும் தலையாட்டுவார். ஒரே காலையில் மூன்று முருகன் வந்த நாள் உண்டு. "உங்க பேரு, வயசு சொல்லுங்க" என்று அவர் வாயாலேயே வரவழைத்து, அவர் எதிரிலேயே டியூபில் எழுதுங்கள். பெயர் எழுதாத டியூபோடு யாராவது நாற்காலியை விட்டு நகர்ந்தால், எங்கள் அக்கா இன்றைக்கும் அதை வாங்க மாட்டார். மறுபடி எடுத்து வரச் சொல்லிவிடுவார்.