வேர்க்கும் பானை

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக மொட்டைமாடியில் செராமிக் பானைகள் செய்கிறேன். சக்கரம் இல்லை. மண்ணைத் திரித்து அடுக்கியும், பலகையாகத் தேய்த்து வளைத்தும் கையாலேயே செய்வேன். இலை, கூடு, கிளிஞ்சல் என்று என் வடிவங்கள் எல்லாம் இயற்கையிலிருந்து வந்தவை. இயற்கைதான் என் குரு. சமீபத்தில் ஒரு கண்காட்சியில் மூத்த கலைஞர் ஒருவர், "சக்கரத்தில் உட்காராதவரை நீ குயவர் இல்லை" என்றார். அன்றிலிருந்து கை ஓடவில்லை. நான் சக்கரம் கற்றுக்கொள்ள வேண்டுமா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

ச., கோவை

அன்புள்ள ச.,

அந்த மூத்த கலைஞரை விடுங்கள். நம்மூர்க் குயவர் ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது. வாயும் கழுத்தும்தான் சக்கரத்தில் முடியும். கொஞ்சம் காயவிட்டு, உள்ளே கல்லை முட்டுக்கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் வயிறு உருண்டு அடி மூடும். பாதிப் பானை கைவேலை. ஆசையிருந்தால் சக்கரம் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் லாடி குவாலியின் பானைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத அதுதான் காரணம். நைஜீரியாவில் குவாலி என்ற ஊர்க்காரர். அங்கே பானை செய்வது பெண்கள் வேலை. சக்கரம் கிடையாது. பானை நடுவில் நிற்கும், இவர் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். மண்ணுருண்டையைக் குத்திக் குழித்து, இழுத்து உயர்த்தி, மேலே திரி திரியாக மண்ணை ஏற்றிக்கொண்டே நடப்பார். சுவர் எழும்பியதும் பல்லி, தேள், பாம்பு, மீன் என்று கீறுவார். பல்லி நாலு காலையும் விரித்துப் பானை வயிற்றில் அப்பிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் உங்கள்மேல் எனக்குக் கோபம். 'இயற்கைதான் என் குரு' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இயற்கை? முதல் படத்தில் தட்டில் பதிந்திருக்கும் இலை எந்தச் செடியுடையது? கடிதத்தில் அதன் பெயர் இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். குருவின் பெயர் தெரியாத சீடரை இப்போதுதான் பார்க்கிறேன்! அந்த அம்மாள் இயற்கையைக் கீறவில்லை. பல்லியைக் கீறினார்.

எனக்கும் ஒரு காலத்தில் இந்தப் பைத்தியம் இருந்தது. எட்டு வயது. பாட்டி வீட்டு நடையில் ஈர மணல்மேல் குடிதண்ணீர்ப் பானை இருக்கும். ஜன்னல் கம்பிக்கு அடித்த பச்சை எனாமல் பெயிண்ட் மிச்சமிருந்தது. பானையில் ஒரு கிளி வரைந்தேன். கிளி உட்கார மரம் வேண்டுமே, மரம் வரைந்தேன். மரத்துக்கு இலை. இலை போட்டுப் போட்டுப் பானையில் மண் தெரியாமல் போய்விட்டது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் மத்தியானம் தாத்தா ஒரு செம்பு மொண்டு குடித்தவர், வாசலுக்குப் போய்த் துப்பினார். வெதுவெதுவென்று இருந்திருக்கிறது. பாட்டி பானை வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கை ஈரமாகவில்லை. "பானைக்கு வேர்க்க விடாம அடைச்சுட்டியேடா பாவி" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். குறைந்த சூட்டில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே தண்ணீர் கசிந்து, ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானையில் இயற்கை இருந்த இடம் அந்த ஈரம்தான், என் கிளி இல்லை.

லாடி குவாலி ஊரில் செய்த தண்ணீர்ப் பானைகளும் வேர்த்தவைதான். அபுஜா அரண்மனையில் அவற்றைப் பார்த்து அசந்துபோன மைக்கேல் கார்டூ என்ற ஆங்கிலேயக் குயவர், அங்கே ஒரு பயிற்சி நிலையம் நடத்தினார். (அந்த ஊருக்கு இப்போது சுலேஜா என்று பெயர்.) 1954-இல் லாடி குவாலி அதில் சேர்ந்தார். அதே பானை, அதே பல்லி. ஆனால் மேலே கிளேஸ் பூசி 1,200 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். கண்ணாடி மாதிரி ஒரு தோல் வந்துவிட்டது. 1972-இல் அமெரிக்காவுக்கே போய்ச் செய்து காட்டினார். இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கம் அவர் படம் இருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பானை இருக்கிறது. அதற்கு வேர்க்காது. இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கிளேஸ் இல்லையென்றால் அந்தப் பல்லியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

உங்கள் பானை எதிலாவது தண்ணீர் ஊற்றி வைத்ததுண்டா? இரண்டாவது படத்தில் இருக்கும் கிளிஞ்சல் எனக்குப் பிடிக்கவில்லை, கடையில் நிறையப் பார்த்தாயிற்று. மூன்றாவது, அந்தக் கூடு, நன்றாக இருக்கிறது. திரியை அழுத்திய கட்டைவிரல் தடத்தை வழிக்காமல் விட்டிருக்கிறீர்கள். வலது பக்கம் ஆழம், இடது பக்கம் மேலோட்டம். நடக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள், சரிதானே? அடுத்ததை எழுந்து சுற்றி வந்து செய்து பாருங்கள். கிளேஸ் போடாமல் ஒன்றைச் சுட்டு, தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு எழுதுங்கள்.

கிளிப் பானையைப் பாட்டி உடைக்கவில்லை. புளி போட்டு வைத்தாள். நான் வேலைக்குப் போன பிறகும் அதிலிருந்துதான் புளி எடுத்துப் பொட்டலம் கட்டித் தருவாள். கடைசியாகப் பார்த்தபோது பெயிண்ட் எல்லாம் உரிந்து, கிளியின் வால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.