ஷெட் சாவியைக் கைமாற்றுங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கோரையாற்றில் நண்பர்கள் சேர்ந்து கயாக் குழு ஒன்று நடத்துகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. தொடங்கியபோது முப்பது பேர் சேர்ந்தார்கள். இப்போது ஞாயிறு காலை ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள், ஆள் வருவதில்லை. படகுகளைக் குட்டியானையில் ஏற்றுவது, சந்தா வசூல், ஷெட் சாவி எல்லாம் என் தலையில். வராதவர்களை நீக்கிவிடலாமா? சந்தாவை ஏற்றினால் அக்கறை வருமா?
- வாசகர் ஒருவர், திருவாரூர் மாவட்டம்

பதில்: நீக்குவது இருக்கட்டும், முதலில் காலண்டரைப் பாருங்கள். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பிரிந்து உங்கள் ஊருக்கு வரவேண்டும். அணையில் இருப்பு இல்லாத வருஷம் அதுவும் தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் ஆற்றில் இறங்கவே கூடாது. கோடையில் வெறும் மணல். உறுப்பினர்களில் பலர் வீட்டில் வயலும் இருக்கும். சம்பா நடவிலும் தை அறுவடையிலும் அவர்கள் வரவில்லை என்று கணக்கெடுப்பது நியாயமா?

ஆனாலும் தண்ணீர் இருக்கும்போதும் வராததற்குக் காரணம் வேறு. உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. ஏற்றுவது நீங்கள், இறக்குவது நீங்கள், சாவியும் உங்களிடம். மற்றவர்கள் கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி வந்துபோகிறார்கள். விருந்தாளி ஒரு வாரம் வராவிட்டால் பந்தி நின்றுவிடாது என்று அவருக்கே தெரியும்.

குரூப்பில் 'யாராவது உதவிக்கு வாங்க' என்று போடாதீர்கள். யாராவது என்றால் யாரும் இல்லை. ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள்: லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி, பக்கிள் உடைந்ததைத் தனியே வைப்பது, புதிதாக வருபவருடன் முதல் நாள் பக்கத்துப் படகில் போவது, மாதக் கணக்கை எழுதி எல்லாருக்கும் காட்டுவது. எதுவரைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 'ஆடி முடியும்வரை' என்றால் பலர் சம்மதிப்பார்கள். முடிவே சொல்லாத வேலையை யாரும் தொடமாட்டார்கள். சாவியை வேறு இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு ஒரு ஞாயிறு நீங்கள் போகாமல் இருங்கள். படகைத் தப்பாக அடுக்குவார்கள், அடுக்கட்டும். மறுநாள் போய் நீங்களே சரிசெய்து வைக்காதீர்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் பக்கம் யாரையும் போகவிடாதீர்கள். ஷட்டர் வழியாக விழும் தண்ணீர் கீழே சுழன்று ஆளையும் படகையும் மறுபடி மறுபடி மதகை நோக்கியே இழுக்கும். நல்ல நீச்சல்காரரும் அதில் மாட்டினால் தப்புவது கடினம். எப்போது ஷட்டரைத் தூக்குவார்கள், எவ்வளவு தண்ணீர் வரும் என்பது மதகைக் கவனிக்கும் நீர்வளத் துறை ஊழியரான லஸ்கருக்குத்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் கேட்டுச் சொல்வதை ஒருவரின் பொறுப்பாக்குங்கள். அவர் சொல்லாமல் படகு இறங்கக்கூடாது.

பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிறு விடியற்காலை உங்களுக்கு வசதி. வீட்டில் இட்லி ஊற்றுகிறவருக்கு? நாலு மணி வெயில் தாழ்ந்ததும் ஒரு முறை வைத்துப் பாருங்கள். ஈரத்துணி மாற்றக் கதவு உள்ள ஓர் இடமும் வேண்டும், ஷெட்டில் ஒரு மூலையைத் தடுத்தால்கூடப் போதும்.

கோடையைச் சும்மா விடாதீர்கள். ஓட்டை அடைப்பது, நீச்சல் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அப்போதுதான். இன்னொன்று: உங்கள் கோரையாறும் பாமணியும் போய்ச் சேரும் முத்துப்பேட்டைக் காயலில் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிறது, மேட்டூர் மூடினாலும் அது வற்றாது. வனத்துறையிடம் அனுமதி கேட்டு, மாசியில் அலையாத்திக் காட்டுக்கு ஒரு பயணம் வையுங்கள். ஏற்பாட்டை நீங்கள் செய்யாமல் இதுவரை ஒரு வேலையும் கேட்கப்படாத இரண்டு பேரிடம் விடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகள். வராதவர்களை நீக்க வேண்டாம். துடுப்புப் போட முடியாதவரிடம் வண்டி இருக்கலாம், வெல்டிங் தெரிந்திருக்கலாம், போனில் கேட்டால் தெரியும். சந்தாவைப் பொறுத்தவரை, இதுவரை வாங்கிய பணத்துக்குக் கணக்கு காட்டிவிட்டு ஏற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். குழுவைச் சங்கமாகப் பதியவும் செய்யலாம், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். பொதுக்குழு கூட்ட வேண்டிவரும், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். அந்தத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நீங்கள் மட்டும் நிற்காதீர்கள்.