ஞாயிறு காலை ஐந்து மணி

அன்புள்ள ஐயா,
சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒரு குவார்ட்டர் போடுவேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடம்பில் ஏறாது என்கிறார்கள், நெசங்களா? கள் என்றால் கெடுதல் இல்லைதானே? பத்தரைக்கெல்லாம் படுத்துவிடுவேன். விடிகாலை குளித்து, ஐந்து மணிக்கு மகளை வண்டியில் ஈரோட்டுக்கு நீச்சல் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். பொறுப்பாகத்தான் இருக்கிறேன்.
வாசகர், பெருந்துறை

அன்புள்ள தம்பி,

சோறு சாராயத்தைத் தின்றுவிடாது. குடித்ததில் பெரும்பகுதி ரத்தத்தில் சேருவது சிறுகுடலில். இரைப்பையில் சாப்பாடு இருந்தால் அது கீழே இறங்கத் தாமதமாகும், போதை மெல்ல ஏறும். அவ்வளவுதான். கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை. நம் தென்னை விவசாயிகளின் நியாயத்தை இன்னொரு நாள் பேசலாம். கள்ளில் இருப்பதும் இதே ஆல்கஹால்தான், அளவு குறைவு.

உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

கணக்குப் போடுங்கள் தம்பி. 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். ஈரல் அதை மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஆறு மணி நேரம் ஆகலாம், எட்டைத் தாண்டவும் செய்யலாம். பத்தரைக்குப் படுத்தால் ஐந்துக்குள் ஆறரை மணி நேரம்தான். குளித்தாலும் ஈரல் வேகம் கூட்டாது. கடுங்காப்பிக்கும் கூட்டாது, மோருக்கும் கூட்டாது. தூங்கினாலும் அதே வேகம்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். எப்போது குடித்தீர்கள் என்று சட்டம் கேட்காது.

என் சித்தப்பா விசைத்தறி வைத்திருந்தார். தங்கமான மனுஷன். ராத்திரி குடிப்பார், விடிகாலை தலைக்கு ஊற்றி, திருநீறு பூசிக் கிளம்புவார். வாய் குழறாது, கால் தடுமாறாது. அப்படியொரு விடியலில் மொபெட் கீழ்பவானி வாய்க்கால் மேட்டிலிருந்து சரிந்தது. பின்னால் இருந்தவன் நான். எட்டு வயது. காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "தூங்கி எந்திரிச்சுட்டுத்தானே கண்ணு வந்தேன்..."

அவர் பொய் சொல்லவில்லை. தெரியாமல் செய்தார். நீங்கள் இப்போது தெரிந்துகொண்டீர்கள். இனி பொறுப்பு என்ற சொல்லை என்னிடம் எழுதாதீர்கள். கோபம்தான் எனக்கு. அந்தப் பிள்ளை உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வருவாள்.

குடியை விடச் சொல்லி உங்களிடம் மன்றாட ஆசைதான். அதற்கு முன், இந்த ஞாயிறு பாப்பாவைப் பஸ்ஸில் கூட்டிப்போங்கள்.